நானா கெலுவார்

7 ஜூலை 1981, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 'மச்சானின் காலில் புண் ஆறிவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். 'மூடிவிட்டது' என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றில்லை என்று தோன்றுகிறது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் அங்கே அடிக்காமல் இங்கே குறித்து வைக்கிறேன்.

பின்னால் படிக்கும்போது குழப்பம் வராமலிருக்க முதலிலிருந்து எழுதுகிறேன். லூர்துசாமி மச்சான் என் அக்காள் எல்ஸியின் கணவர். ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பஸ்ஸில் கண்டக்டர். நான் அவர்கள் வீட்டில் தங்கி, பகலில் லாரி உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறேன், மாலையில் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு வகுப்புக்குப் போகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் சிம்பாங் பூலாய் சந்திப்பில் மச்சானின் மோட்டார் சைக்கிள் சறுக்கி இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. முறிந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள், சேர்ந்தது, நடந்தார். போன வருடம் அதே இடத்தில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து மஞ்சள் நீர். சில வாரம் வடியும், பிறகு மூடிக்கொள்ளும். மூடினால் மச்சானுக்குக் காய்ச்சல் வருகிறது. திறந்து வடிந்தால் காய்ச்சல் விடுகிறது. இதை நான் உண்மையிலேயே கவனித்தேனா, அல்லது கவனித்ததாக இப்போது நினைக்கிறேனா என்பது சந்தேகம்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று யாரும் கேட்க முடியாது. போனார். மே மாதம் போனார். அங்கே நடந்ததை இன்று இரவுச் சாப்பாட்டின்போது மறுபடியும் நடித்துக் காட்டினார்.

"காலையிலேருந்து பெஞ்சில குந்திக்கிட்டு இருக்கேன். நம்பர் வந்து உள்ள போனேன். 'லாமா துங்கு, டாக்டர்'னேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன்னு மரியாதையாத்தான் லா சொன்னேன். அந்த ஆளு தலையத் தூக்கல. எழுதிக்கிட்டே, 'நானா கெலுவார்?'ங்கிறாரு!"

கெலுவார் என்றால் வெளியேறுவது. அது பஸ்ஸில் ஏறி இறங்கும் எல்லோருக்கும் தெரிந்த மலாய்.

"நம்ம பாசையில பாதி, அவங்க பாசையில பாதி. 'நானா வெளிய போவணும்?'னு கேக்குறாரு. எம்மாம் திமிரு! நான் விடுவேனா? 'நீங்க குந்துங்க டாக்டர், நானே கெலுவார்'னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அக்காள் வழக்கம்போலச் சிரித்தாள். டிப்போவில் இந்தக் கதை மிகவும் பிரபலம். கடைசி நிறுத்தத்தில் யாராவது இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தால், டிரைவர் பிச்சைமுத்து அண்ணன் திரும்பிப் பார்த்து, "என்னா தம்பி, நானா கெலுவார்?" என்பாராம். பஸ்ஸே சிரிக்குமாம்.

நானும் சிரித்தேன். ஆனால் கண் மச்சானின் காலில்தான் இருந்தது. துளை இருந்த இடத்தில் தோல் மினுமினுவென்று இருக்கிறது.

9 ஜூலை, வியாழன்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

இன்று ஆசிரியை ஹமீடா ரத்தத்தைப் பற்றி நடத்தினார். சிவப்பணு, வெள்ளணு. கிருமி உள்ளே வந்தால் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து போரிடும். இரண்டு பக்கத்திலும் சாவு விழும். அந்தச் செத்தவை எல்லாம் சேர்ந்ததுதான் புண்ணிலிருந்து வரும் மஞ்சள் திரவம் என்றார். நான் 'சீழ்' என்று தமிழில் குறித்துக்கொண்டு நிமிர்ந்தேன். கரும்பலகையில் அதற்கான மலாய்ச் சொல்லை எழுதியிருந்தார்.

நானா. கடைசியில் ஒரு 'ஹ்' இருக்கிறது. சொல்லும்போது காதில் விழுவதில்லை.

இதுவரை வகுப்பில் நான் கேள்வி கேட்டதில்லை. இன்று கை தானாக எழுந்தது. "ஆசிரியை, நானா கெலுவார் என்றால்?" என்று மலாயில் கேட்டேன்.

"சீழ் வெளியே வருகிறது என்று அர்த்தம். புண்ணோடு போனால் டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்" என்றார்.

பக்கத்து மேசை பத்துமலை, பகலில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், என் காதருகே குனிந்து, "என்னா லா, உன்னைய வெளிய போவச் சொல்றாங்களா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே மச்சானின் கால் நினைவுக்கு வந்தது.

அந்த டாக்டர் மச்சானை விரட்டவில்லை. 'சீழ் வருகிறதா?' என்று கேட்டிருக்கிறார். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்டதும் நோயாளி எழுந்து போய்விட்டார். காலை யாரும் பார்க்கவே இல்லை.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் எலும்புக்குள் சீழ் பிடிக்குமா என்று கேட்டேன். எலும்பு கல் மாதிரிச் செத்த பொருள் இல்லை, அதற்குள்ளும் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, உயிர் இருக்கும் இடத்தில் கிருமியும் வரும் என்றார். புத்தகத்தில் ஒரு படம் காட்டினார். சீழ் உள்ளேயே அழுத்தி ரத்தம் போகும் வழியை அடைத்துவிட்டால் அந்த இடத்து எலும்பு செத்துவிடலாம். செத்த துண்டுக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாவிட்டால் வெள்ளணுவும் போகாது, விழுங்குகிற மருந்தும் போகாது. கிருமிக்கு அதைவிடப் பாதுகாப்பான வீடு இல்லை.

"ஆனால் நான் அறிவியல் ஆசிரியை, டாக்டர் இல்லை. யாருக்கு?" என்றார்.

"தெரிந்த ஒருவருக்கு" என்றேன்.

திறந்தால் காய்ச்சல் விடுகிறது, மூடினால் வருகிறது. நான் கவனித்தது சரிதான் போலிருக்கிறது. சரியாக இல்லாமல் போனால் நன்றாக இருக்கும்.

10 ஜூலை, வெள்ளி

கடையில் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஒரு லாரிக்காரருக்குத் தப்பான போல்ட்டுகளைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். கடை முதலாளி தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மச்சானிடம் எப்படிச் சொல்வது? சாதாரணமாக, வேறு எதையோ சொல்வதுபோல் சொல்லலாம். வகுப்பில் ஒரு வேடிக்கை என்று தொடங்கலாம். அல்லது அந்தச் சொல்லைப் பற்றிப் பேசாமல், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மட்டும் சொல்லலாம். கடைசி வழி நல்லது. ஆனால் பலிக்காது. "அந்த ஆளு மூஞ்சியிலயா முழிக்கச் சொல்ற?" என்பார்.

மாலையில் வீட்டுக்குப் போனால் மச்சான் கூடத்தில் ஒற்றைக் காலில் நின்று ஆடிக் காட்டிக்கொண்டிருந்தார். இடது காலில். அக்காள் கோயிலில் நவநாள் ஜெபம் முடித்து, புண் மூடியதற்கு நன்றியாக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

தைலம் தேய்த்துவிடுகிறேன் என்று சாக்குச் சொல்லி மச்சானின் காலைத் தொட்டுப் பார்த்தேன். மற்றக் காலைவிடச் சூடு அதிகம். அழுத்தியபோது பல்லைக் கடித்தார், சத்தம் போடவில்லை. சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினார். இடுப்பு வாரில் ஆணியால் புதிதாக ஒரு துளை போட்டிருக்கிறார். இளைத்தது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற ஆளை ஒழுங்காகப் பார்ப்பதில்லை.

12 ஜூலை, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மோசமாகச் சொன்னேன்.

பூசை முடிந்து வந்து மூவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மச்சான் தனியாக இருக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் வேலி வழியாக அந்தக் கதையைத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் போனதும் என் வாய் முந்திக்கொண்டது.

"மச்சான், நானான்னா மலாய்ல சீழு. சீழு வருதான்னுதான் டாக்டர் கேட்டிருக்காரு."

மச்சான் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அக்காளுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மேசையில் சாய்ந்தாள்.

"ஐயோ... 'நானே கெலுவார்'னு சொல்லிட்டு வந்தீங்களே! நானே சீழுன்னு..."

"சிரி. நல்லா சிரி" என்றார் மச்சான்.

அவர் குரலைக் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது.

"இத்தன வருசமா மலாய்ல டிக்கெட் கிழிக்கிறேன். மலாய்க்காரவுங்களே எங்கிட்ட வழி கேட்டுட்டுப் போறாங்க. இவரு ராத்திரி ஸ்கூல்ல போயி ரெண்டு வார்த்தை பொறுக்கிட்டு வந்து எனக்குப் பாசை சொல்லித் தராரு."

"அப்படிச் சொல்லல மச்சான். கால்தான்..."

"காலு ஆறிருச்சு லா! பார்த்தல்ல? டிப்போவுல போயி சொல்லிறாதே. அங்க நான் வேல செய்யணும்."

சப்பாத்தை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கடைப் பக்கம் போனார். தெருமுனைவரை நேராக நடந்தார். அங்கே திரும்பியதும் நொண்டினார். நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

"நிசமாத்தானா தம்பி?" என்று அக்காள் கேட்டாள்.

"சொல்லுக்கு அர்த்தம் நிச்சயம். காலைப் பத்தி நிச்சயமில்ல."

"அப்ப நான் எதுக்கு நன்றி சொன்னேன்?"

அவள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு சொல்லைச் சரியாகத் தெரிந்துகொண்டு, அதைச் சொல்லும் விதத்தைக் கெடுத்துவிட்டேன்.

14 ஜூலை, செவ்வாய்

இன்று வகுப்புக்குப் போகவில்லை. மத்தியானம் பிச்சைமுத்து அண்ணன் மச்சானை டாக்சியில் கொண்டுவந்து இறக்கினார். கோலா கங்சாரில் பஸ் திரும்பும்போது மச்சானுக்கு நடுக்கம் எடுத்து, டிக்கெட்டில் துளை போடும் கருவியைக்கூடக் கையில் பிடிக்க முடியவில்லையாம்.

"பல்லு கிட்டிப்போச்சு லா, அம்புரோசு. வெயில் மண்டையப் பொளக்குது, இவரு குளிருதுங்கிறாரு" என்று கடைக்கு வந்து என்னிடம் சொன்னார்.

நான் கடையிலிருந்து ஓடி வந்தபோது மச்சான் இரண்டு போர்வைக்குள் கிடந்தார். அக்காள் காலைத் திறந்து காட்டினாள். துளை இருந்த இடம் சிவந்து, முட்டை அளவுக்குப் புடைத்திருந்தது.

"இது வேற காச்சல். மழையில நனைஞ்சேன்" என்றார் மச்சான்.

"மழையே பேயல" என்றாள் அக்காள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை சொல்லைப் பற்றிப் பேசவில்லை. ஆசிரியை சொன்னதை மட்டும், எனக்குப் புரிந்த அளவுக்கு, மெதுவாகச் சொன்னேன். முறிந்தபோது வெளியிலிருந்து அழுக்கு உள்ளே போயிருக்கலாம். உள்ளே ஒரு துண்டு எலும்பு செத்திருக்கலாம். அது இருக்கும்வரை சீழ் வரும். மேலே தோல் மூடினால் சீழுக்கு வழியில்லை. திரும்பி உள்ளே போய் ரத்தத்தில் கலக்கும். அதனால்தான் காய்ச்சல், அதனால்தான் இளைப்பு. ஒவ்வொன்றையும் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன். எனக்கே எரிச்சலாக இருந்தது.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரப்பர் தோட்டத்துல பால் மரத்தையெல்லாம் வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டாங்கல்ல, அப்ப நானும் வெட்டுற வேலைக்குப் போனேன்" என்றார். "ஒரு மரம். பட்ட வழவழன்னு, ஒரு வடு இல்ல. வாள வச்சேன், பல்லு தெறிச்சு ஓடிருச்சு. உள்ள பாத்தா பால் வடியறதுக்கு அடிக்கிற தகரம். எந்தக் காலத்துல அடிச்சதோ. மரம் அத முழுங்கிட்டு மேல பட்ட கட்டியிருக்கு. சுத்தி ஒரே கறுப்பு."

"ம்."

"என் காலுக்குள்ளயும் அப்படி ஒரு தகரமா?"

"தகரம் இல்ல மச்சான். உங்க எலும்பேதான்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சூசா லா" என்றார். கஷ்டம் என்று அர்த்தம். "அந்த டாக்டரு கேட்டா என்னான்னு சொல்றது? ஏன் எந்திரிச்சுப் போனேன்னு கேட்டா?"

அப்போதுதான் விளங்கியது. வலியோ கத்தியோ அவரைத் தடுக்கவில்லை.

"நான் பேசுறேன். நீங்க ஒன்னும் சொல்ல வேணாம்" என்றேன்.

"டிப்போவுக்குத் தெரியக் கூடாது."

"தெரியாது."

15 ஜூலை, புதன்

அதே டாக்டர். மச்சான் வாசலிலேயே தெரிந்துகொண்டு என் கையை இறுக்கினார். நான் எதிர்பார்த்ததுபோல் கடுகடுப்பான ஆள் இல்லை, தூக்கமில்லாத ஆள். அட்டையைப் பார்த்துவிட்டு, மே மாதம் வந்து காலைக் காட்டாமலே போய்விட்டீர்களே, ஏன் என்று மலாயில் கேட்டார்.

மச்சான் என்னைப் பார்த்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, டாக்டர். கண்டக்டர்" என்றேன். பொய்தான். டாக்டர் தலையாட்டினார்.

அவர் புடைப்பின் மேல் விரல் வைத்த மாத்திரத்தில் அது உடைந்துகொண்டது. நாற்றத்தில் தாதி போய் ஜன்னலைத் திறந்தார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். வலி குறைந்த முகம் அது.

பிறகு எக்ஸ்ரே. விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். எலும்பின் நடுவே ஒரு விரற்கடை நீளத்துக்கு மிகவும் வெளுப்பான ஒரு துண்டு. அதைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. அதற்கும் வெளியே புதிய எலும்பு, உறை போட்டதுபோல் தடித்து வளர்ந்திருந்தது. நடுவில் இருப்பது செத்த எலும்பு என்றார் டாக்டர். உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கிறது, முடியவில்லை. அதனால் சுற்றிச் சுவர் கட்டுகிறது. அதை எடுக்காமல் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் பயனில்லை என்றார். நான் ஒவ்வொரு வாக்கியமாக மச்சானுக்குத் தமிழில் சொன்னேன்.

அடுத்து டாக்டர், "கித்தா பொத்தோங், புவாங்" என்றார். வெட்டி எறிந்துவிடுவோம்.

மச்சானுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வெட்டப் போறானா? வா போலாம்."

"இருங்க மச்சான். எதைன்னு அவரு சொல்லல."

"வேற எதை லா? பொத்தோங்ன்னா எனக்குத் தெரியாதா?"

எனக்கும் அப்படித்தான் கேட்டது. அதுதான் பயம். மே மாதமும் ஒரு சொல்தான். நான் டாக்டரிடம் திரும்பி, எதை வெட்டுவீர்கள், காலையா, எலும்பையா, எவ்வளவு என்று கேட்டேன். அவர் பதில் சொன்ன பிறகும் மறுபடி கேட்டேன். அவர் எரிச்சல்பட்டதாகத் தெரிந்தது. ஆனாலும் பேனாவை எடுத்து எக்ஸ்ரேயின் மேல் அந்த வெள்ளைத் துண்டைச் சுற்றி வரைந்து, "இது மட்டும்" என்றார்.

மச்சான் நின்றபடியே தன் பஸ் மலாயில் கேட்டார்: "டாக்டர், காக்கி அடா லாகி?" கால் இருக்குமா?

"இன்று வார்டில் சேர்ந்தால் இருக்கும் என்று நினைக்கிறேன்" என்றார் டாக்டர். "சத்தியம் செய்ய மாட்டேன். துண்டை எடுத்த பிறகும் வாரக்கணக்கில் ஊசி மருந்து. முழுக்கச் சுத்தமாகாவிட்டால் வருடங்கள் கழித்தும் திரும்ப வரலாம். இப்படியே விட்டால் கிருமி ரத்தத்தில் பரவும். அப்போது காலைக் காப்பாற்றுவதா ஆளைக் காப்பாற்றுவதா என்று ஆகிவிடும்."

இதையும் முழுதாகச் சொன்னேன். கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். விடவில்லை.

மச்சான் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உட்கார்ந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

16 ஜூலை, வியாழன்

அறுவை நாளை காலை. இன்று காய்ச்சல் குறைவு. அக்காள் கஞ்சி கொண்டுபோனாள், முழுவதும் குடித்தார். துளை மறுபடியும் வடிகிறது, கட்டு நனைந்திருக்கிறது. அதைப் பார்த்து அக்காள் அழவில்லை. "வடியட்டும், வடியட்டும்" என்று கட்டிலுக்குக் கீழே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மச்சானுக்கு உள்ளூர நம்பிக்கை வரவில்லை. என்னிடம் பேனா கேட்டு வாங்கி, நல்ல காலில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டார். தாதி வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, சோப்புப் போட்டு அழித்துவிட்டுப் போனார். அவர் போனதும் மறுபடி போட்டுக்கொண்டார்.

பார்வை நேரம் முடிகிற மணி அடித்தபோது என்னை மட்டும் கூப்பிட்டார். அவரும் என்னை மச்சான் என்றுதான் அழைப்பார்.

"மச்சான், நாளைக்கு நீ வாசல்லயே நில்லு. நான் மயக்கத்துல கெடப்பேன். பாதியில டாக்டரு வெளிய வந்து, 'பொத்தோங்?'னு உங்கிட்டக் கேட்டா என்னா சொல்லுவ?"

"எதைன்னு கேப்பேன்."

"அதுக்கு ஏதாச்சும் சொன்னா?"

"மறுபடியும் கேப்பேன்."

"சரி" என்றார். "போயிட்டு வா. அக்காவைத் தனியா விட்டுராதே."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குத் தெரியாத மலாய்ச் சொற்கள் எத்தனை இருக்கும் என்பதே யோசனை. நரம்பு, தசை, மூட்டு, மயக்க மருந்து. ஆசிரியையின் புத்தகத்தை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். கண்ணில் ஏறவில்லை. ஒரு சொல்லைப் படித்தால் முந்தைய சொல் மறந்துபோகிறது. அவர் என்னை நம்பியது சரியா என்று தெரியவில்லை. நாளைக்கு வேறு யாரும் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

அறுவையில் ரத்தம் தேவைப்படலாம், உறவினர் யாராவது கொடுத்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு வரக் கூடாதாம்.

நாளை: தவுக்கேயிடம் காலையிலேயே விடுப்புச் சொல்ல வேண்டும். ரொட்டி சாப்பிட வேண்டும். முதல் பஸ்ஸில் அக்காளோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு, அறுவை அறை வாசலில் நிற்க வேண்டும்.